காலியாகத் திரும்பாத தட்டு

இன்ஷிராஹுக்கு வாய் நீளம். அலெக்சாந்திரியாவில் டிராம் தடத்தை ஒட்டிய அந்தக் கட்டடம் முழுவதற்கும் அது தெரியும். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள், தன் கீழ்வீட்டு ஃபிர்யாலோடு மட்டும் ஏழு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் சின்னதும் இல்லை. இன்ஷிராஹின் கணவர் மவுத்தான மூன்றாம் நாள், நாலாவது மாடியில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது மாடியில் ஃபிர்யால் தன் மகளின் நிச்சயத்துக்குக் குலவை போட்டாள். துக்கம் விழுந்த கட்டடத்தில் வானொலியைக்கூட யாரும் சத்தமாக வைக்கமாட்டார்கள். இன்ஷிராஹ் படியில் இறங்கி நின்று கத்திவிட்டாள்.

"ஒன் கதவு அடைச்சே கெடக்கட்டும்டீ! நீ செத்தாக்கூட ஏன்னு கேக்க ஒரு நாதி வராம போகட்டும்!"

ஏழு வருடம் கழித்து நோய் வந்தது, ஊரே கதவை அடைத்துக்கொண்டது. பள்ளிவாசல் பாங்கின் முடிவில் 'உங்கள் வீடுகளிலேயே தொழுங்கள்' என்று சொன்னதை முதன்முதலில் கேட்டபோது இன்ஷிராஹுக்குப் படியில் நின்று கத்தியது நினைவுக்கு வந்தது. ஃபிர்யாலின் மகள் கனடாவில் இருந்தாள், விமானங்கள் நின்றுபோயிருந்தன. கதவு அடைத்தாயிற்று, ஏன் என்று கேட்க ஆளும் இல்லை. தான் சொன்னது அப்படியே பலித்துக்கொண்டிருந்தது. நோன்புப் பெருநாளைக்குள் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்கு முதலில் வாயைத் திறக்க வேண்டுமே, அங்கேதான் வீம்பு குறுக்கே நின்றது.

அதனால் முதல் நோன்பன்று ஒரு தட்டை அனுப்பினாள். கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட குழி ஒன்று உண்டு. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். சோறு சுருட்டிய திராட்சை இலைகளைத் தட்டில் அடுக்கி, கூடையில் வைத்து, கயிற்றால் கீழே இறக்கினாள். கூடை ஃபிர்யாலின் ஜன்னலோரம் போய் நின்றது. கை தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. பிறகு கயிறு இரண்டு முறை சுண்டியது. மேலே இழுத்தபோது கூடையில் தட்டு இல்லை.

மறுநாள் நோன்பு திறக்கும் பாங்குக்கு அரைமணி நேரம் முன்பு மறுபடி வெறுங்கூடையை இறக்கினாள். அவள் தட்டு, ஆப்ரிகாட் பழ ஜாமோடு மேலே வந்தது. அண்டை வீட்டுத் தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்புவது அங்கே கைநீட்டி அடிப்பதற்குச் சமம். ஃபிர்யாலுக்கு வேறு என்ன குறை இருந்தாலும் அந்தக் குறை இல்லை என்று இன்ஷிராஹ் மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். ஜாமை எடுத்து வைத்துவிட்டு, அதே தட்டில் வெண்டைக்காய்க் குழம்பை ஊற்றி இறக்கினாள்.

நாட்கள் அப்படியே ஓடின. காலையில் தூக்கம், மதியம் தொலைக்காட்சியில் செத்தவர்களின் எண்ணிக்கை, அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்பு, அப்புறம் கூடை. ஆம்புலன்ஸ் சத்தம் அன்றாடம் கேட்டது. எந்த வீட்டுக்கு என்று எட்டிப் பார்க்கவும் பயந்து, ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். பத்தாம் நோன்போடு ஃபிர்யாலின் இருமல் நின்றது. 'அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சு சரியாகிவிட்டது' என்று நிம்மதிப்பட்டாள். தட்டுதான் தவறாமல் வருகிறதே.

ஆனால் தட்டில் வந்தவை மாறின. சமைத்தது எதுவும் வரவில்லை. ஒரு நாள் வேகவைக்காத பருப்பு. ஒரு நாள் சீரகம். அப்புறம் தேயிலை, சர்க்கரை, பாதிப் பூண்டு.

"அடுப்பு பத்த வைக்கக்கூட மகாராணிக்கு வலிக்குது போல," என்று சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். தட்டு மட்டும் எப்போதும் சில்லென்றிருந்தது. மே மாத வெக்கையில், சுடுகுழம்பு போன தட்டு அது. கீழே குழாய் திறக்கும் ஓசை இல்லை, கரண்டி விழும் ஓசை இல்லை. பாங்குக்கு அரைமணி முன்பு கயிறு இரண்டு முறை சுண்டுவது மட்டும்.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு சிட்டிகை உப்பு வந்தது. இத்தனை பெரிய தட்டின் நடுவில் ஒரு சிட்டிகை.

முப்பதாம் நோன்பன்று மதியம் காவலாளி ஷாஃபி ரொட்டி கொண்டுவந்தான். இன்ஷிராஹ் கதவைப் பாதி திறந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஷாஃபி, கீழ ஃபிர்யால்கிட்ட போய்ச் சொல்லு. இன்னைக்கு ஜன்னலண்ட வந்து நிக்கச் சொல்லு. நான் ஒரு வார்த்தை பேசணும்."

ஷாஃபி முகமூடியைக் கீழே இறக்கினான்.

"ஹாஜியம்மா... ஒங்களுக்குத் தெரியாதா? அவங்க மவுத்தாகி பதினெட்டு நாளாச்சே. பத்தாம் நோம்பு அன்னிக்கு ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போச்சு. பன்னெண்டுல முடிஞ்சிருச்சு. கபருல அடக்க நாலு பேரத்தான் விட்டாங்க."

"பொய் சொல்லாத!"

"வல்லாஹி, சத்தியமா சொல்றேன், சாவி எங்கிட்டதான் இருக்கு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? இந்தக் கட்டடத்துல ஒருத்தனுக்குக்கூடவா சொல்லத் தோணல?"

அவன் தரையைப் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்க ஹாஜியம்மா. ஒங்க சண்டைதான் ஊருக்கே தெரியுமே. சொன்னா சந்தோசப்பட்டுருவீங்களோன்னு பயந்தோம்."

அந்த வார்த்தை அவளைச் செருப்பால் அடித்தது. விறுவிறுவென்று படியிறங்கினாள். ஷாஃபி பின்னாலேயே ஓடிவந்து பூட்டைத் திறந்தான். கூடத்துத் தரையில் தூசி படிந்திருந்தது, ஒரு கால் தடம் இல்லை. சமையலறை அலமாரி திறந்து கிடந்தது. பருப்பு ஜாடி, சீரக ஜாடி, தேயிலை டப்பா, சர்க்கரை டப்பா எல்லாம் காலி. உப்பு ஜாடியின் அடிகூடத் துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. அவள் அனுப்பிய சாப்பாட்டில் ஒரு பருக்கையோ ஒரு வாடையோ அங்கே இல்லை, நேற்று இறக்கிய தட்டும் இல்லை.

"நான் ஒரு துரும்பத் தொடல ஹாஜியம்மா!" ஷாஃபி சாவியைத் தூக்கிக் காட்டினான். "பூட்டுனப்ப எல்லாம் நெறஞ்சிருந்துச்சு. எல்லாம் எங்க போச்சு?"

எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் மேலே, அவள் வீட்டு அலமாரியில் இருந்தது. அவளுக்குப் பயம் வந்தது, மறைப்பானேன். ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. உயிரோடு இல்லாத ஒருத்தி, தட்டு காலியாகப் போகக்கூடாதே என்று ஒவ்வொரு ஜாடியாகத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறாள். இனி அனுப்ப அவளிடம் ஒரு கல் உப்புகூட இல்லை.

அன்று இன்ஷிராஹ் கோழிச் சோறு ஆக்கினாள். பாங்குக்கு அரைமணி இருக்கும்போது, நேற்றைய தட்டை வாங்க வெறுங்கூடையை இறக்கினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இருண்ட குழியைப் பார்த்துப் பேசினாள்.

"ஃபிர்யால், நான்தான். அன்னைக்குச் சொன்னத நான் திரும்ப எடுத்துக்கறேன். ஒன் மக நிச்சயம், நீ குலவை போடாம வேற யாரு போடுவா? நான் ஒரு அவசரக்காரி. ஏன்னு கேக்க வந்திருக்கேன்டீ, லேட்டா வந்திருக்கேன். மன்னிச்சிரு. நீ எதுவும் அனுப்ப வேணாம். எங்கிட்ட ஒனக்கு மரியாதை பாக்கத் தேவையில்ல. தட்டு சும்மாவே வரட்டும்."

கீழே அரவமே இல்லை. மற்ற நாட்களைவிட நெடுநேரம் ஆனது. பிறகு கயிறு மெல்ல இரண்டு முறை சுண்டியது.

இழுத்தாள். கூடை காற்றாக வந்தது. தட்டு கழுவித் துடைத்து, காலியாக இருந்தது. அடியில் கைவைத்துப் பார்த்தாள், முதன்முறையாகக் கதகதப்பாக இருந்தது.

பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கத் தோன்றாமல், இன்ஷிராஹ் அந்தத் தட்டை மார்போடு அணைத்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி ஃபிர்யாலுக்காக அழுதாள்.