ரம்புத்தான் சொன்னது

கேள்வியைக் கேட்டபின் பேசாமல் இருக்க வேண்டும். தேர்தல் வேலையில் ஜானிஸ் கற்றுக்கொண்டவற்றில் அதுதான் பெரியது. அமைதியை யாராலும் நெடுநேரம் தாங்க முடியாது. யாராவது ஒருவர் எதையாவது சொல்லி அதை நிரப்பிவிடுவார். பெரும்பாலும் அது உண்மையாக இருக்கும்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் துணிக்கடை ஒன்றின் மாடியறையில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆற்றோர ஃப்ளாட்டுகளில் இருப்பவர்கள். யார் பெயரும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்து ஜானிஸ் அழைத்து வந்திருந்தாள். பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு பழம் எழுதிய மஞ்சள் ஸ்டிக்கர்: டுக்கு, சிக்கு, ரம்புத்தான்.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. டிஷ்யூ பெட்டிக்குப் பின்னால் ஒரு மைக். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவளை வேலைக்கு வைத்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர், எல்லோரும் ஒய்பி என்று அழைக்கும் ஜெயராஜும் அவருடைய உதவியாளன் சுகுமாறனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியாதவரை யாருக்கும் கேடில்லை என்று ஜானிஸ் நம்பியிருந்தாள்.

அவள் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாள். பெருவெள்ளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு குழந்தையைச் சுமந்து வரும் ஜெயராஜ். அவளுடைய கருத்துக்கணிப்புகளில் தயங்கி நின்றவர்களை இழுத்தது இந்தப் படம்தான். கிள்ளான் முழுக்க விளக்குக் கம்பங்களில் தொங்கவிடச் சொன்னதும் அவள்தான்.

"இதப் பாத்தா என்னா தோணுது?"

"வந்தாருலா," என்றாள் டுக்கு. "மத்த ஒய்பியெல்லாம் ஃபேஸ்புக்லதான் வந்தானுங்க."

"சட்டையப் பாருக்கா," என்றாள் சிக்கு. "தண்ணியிலகூட அயர்ன் கலையல."

எல்லோரும் சிரித்தார்கள். ரம்புத்தான் மட்டும் சிரிக்கவில்லை. ஜானிஸ் அவளைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள்.

"அந்தப் புள்ள எங்க பிளாக்கு," என்றாள் ரம்புத்தான். பிறகு, யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். "எதிர்வீட்டுக்காரருக்கு மூச்சு மெசினு. கரண்டு இல்ல, பேட்டரி போயிட்டே இருக்கு. மொதல்ல அவர போட்டுல ஏத்துங்கன்னு மேலேருந்து கத்தறேன். பொறுங்கக்கான்றாங்க. ஒய்பி புள்ளையத் தூக்கிட்டு நடக்கறாரு. படம் சரியா வரலயாம். திரும்பப் போயி மறுபடி நடக்கறாரு. அப்பறம் இன்னொரு வாட்டி. பெறகு ஏறிப் போயிட்டாங்க. அடுத்த போட்டு வந்தப்ப அந்த மனுசன் உயிரோட இல்ல."

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி உராய்ந்தது.

"யாரு அங்க?" என்றாள் சிக்கு.

"ஆபிஸ் ஆளுங்க," என்றாள் ஜானிஸ். அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

ரம்புத்தானின் பெயர் வீரம்மா. பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கும் வேலை. அந்தக் கான்ட்ராக்ட் சுகுமாறனின் தம்பியுடையது. வேலை போவதுகூடப் பெரிதில்லை. சுகுமாறனைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒருவருடைய லோரி முன்பு எரிந்துபோனது. யாரும் எதையும் பார்க்கவில்லை.

ஜானிஸ் கூட்டத்தைச் சட்டென்று முடித்தாள். பிரியாணிப் பொட்டலங்களைக் கொடுத்துப் பெண்களைக் கீழே அனுப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஜெயராஜ் கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"யாருமா அந்த ரம்புத்தான்?"

"பேரு வாங்கறதில்ல ஒய்பி."

"நீதானே கூட்டிட்டு வந்த."

அதற்குமேல் அவர் பேசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போகும்போது கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர்களே சொல்வார்கள் என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவர் நன்றாகக் கற்றிருந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுகுமாறன் எழுந்து ஜன்னலை மூடப் போனான். ஜானிஸ் நின்ற இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தம் தெரிந்தது. அங்கே பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீரம்மா நின்றாள். ரவிக்கையில் மஞ்சள் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"அவ நான் செட் பண்ண ஆளு," என்றாள் ஜானிஸ்.

சுகுமாறன் ஜன்னலை எட்டுமுன் திரும்பினான்.

"பிரிக்பீல்ட்ஸ்ல எங்க சர்ச் ஆன்டி. ஃப்ளாட்டுக்காரியே இல்ல. எதிர்க்கட்சிக்காரங்க இப்படி ஒரு கதைய விட்டா மத்தவங்க நம்புவாங்களான்னு டெஸ்ட் பண்ணினேன். நம்பறாங்க ஒய்பி. அது நமக்குத் தெரியணும்ல."

தாக்குதல் வருமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் உண்டு. ஜெயராஜுக்கும் அது தெரியும்.

சுகுமாறன் மார்பில் கை வைத்துச் சிரித்தான். "பாஸ், எனக்கே அட்டாக் வந்திருக்கும். அந்த ஆன்டிக்கு அவார்டு குடுக்கணும்லா."

ஜெயராஜ் சிரிக்கவில்லை.

"போட்டோ சரியா வரலன்னு திரும்பத் திரும்ப நடந்தேன். அது அந்த ஆன்டிக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லிக் குடுத்தேன்."

"அன்னிக்கி நீ எங்ககூட வேலைக்கே வரல. உனக்கு யார் சொன்னா?"

கீழே பஸ் வந்து நிற்கும் ஓசை கேட்டது. சுகுமாறனின் சிரிப்பு நின்றிருந்தது. அவன் ஜன்னலை விட்டு மெதுவாக நடந்துபோய்க் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டான்.

"உக்காரு ஜானிஸ்," என்றார் ஜெயராஜ். பிறகு பேசாமல் காத்திருந்தார்.

அவள் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. அதன் இரைச்சல் மழைக்குள் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எதையாவது சொல்லிவிடு, எதையாவது, என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. அவள் கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள்.