எந்தப் பக்கம், அண்ணி?

என் நாத்தனார் மூக்கை நுழைக்காத இடம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் என்ன சமைக்கிறேன், அவள் அண்ணன் ஏன் இளைத்துவிட்டார், திரைச்சீலைக்கு ஏன் இந்த நிறம், எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். ஆண்டவனும் அவளுக்கு அந்த மூக்கைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருந்தான். அதனால்தான், சாப்பாட்டு மேஜையில் ஒரு கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கிக்கொண்டே மறு கண்ணால் அவளைப் பார்த்தபோது திடுக்கிட்டுப்போனேன். காதும் கன்னமும் இருந்தன. மூக்கைக் காணோம். அந்த இடத்தில் கலங்கலாக ஒரு கறை.

நான் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். பின்வரிசையில் யார் முழங்காலைத் தப்பாக மடக்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பயந்துபோய் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் இருந்த நர்ஸ், "எந்தக் கண்ணும்மா?" என்றாள். "வலது" என்றேன். எழுதிக்கொண்டாள். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்தார்கள், இரண்டு கண்ணையும் ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். சிவப்புச் சிவப்பாகத் தெறித்திருந்தது. "விழித்திரையில இருந்து ரத்தத்த வெளிய கொண்டுபோற சிரை ஒன்னு அடைச்சிருக்கு. வாஷ்பேசின் அடைச்சா தண்ணி மேல வரும்ல, அதே கதைதான். நீர் கசிஞ்சு நடுப்பகுதி வீங்கிடுச்சு. கண்ணுக்குள்ள ஊசி போடணும், மாசாமாசம். தள்ளிப்போட்டா போன பார்வை முழுசா திரும்பாது." ரத்த அழுத்தமும் எகிறியிருந்தது. யாரால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிக்குக் காப்பீட்டுக்காரர்கள் அனுமதி தர வேண்டும். அதற்கு முன் நோயைக் குறியீட்டு எண்ணாக மாற்ற வேண்டும். அதே ஆஸ்பத்திரியில் அந்த வேலையைச் செய்பவள் வேறு யார், என் நாத்தனார்தான். இந்த அடைப்புக்கு வலது கண் என்றால் ஓர் எண், இடது கண் என்றால் வேறு எண். வீக்கம் இருந்தால் அதற்கும் ஓர் இலக்கம் உண்டாம். என் ஃபைலை நிறுத்திவைத்துவிட்டுப் போன் செய்தாள்.

"அண்ணி, உங்களுக்கு எந்தக் கண்ணு?"

"வலதுடி. எத்தன வாட்டி சொல்றது?"

"எழுதியிருக்கறதும் அப்படித்தான். ஆனா ஸ்கேன்ல அடைப்பு இருக்கறது இடது கண்ணுல."

"அப்ப படம் தப்பு. அனுப்பித் தொலை."

"கண்ண மூடிக்கிட்டு அனுப்ப முடியாது, அண்ணி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான் என்று அவள் அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

மறுநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நாத்தனார் கதவோரம் வந்து நின்றாள். நான் கண்டுகொள்ளவில்லை. "எல்லாரும் வலது கையத் தூக்குங்க!" என்றேன். எல்லாரும் தூக்கினார்கள். அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அண்ணி, உங்க கையப் பாருங்க."

பார்த்தேன். உயர்ந்திருந்தது என் இடது கை. எதிரே நிற்பவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று, வருஷக்கணக்கில் வாயால் வலது சொல்லி இடதைத் தூக்கியே பழக்கம். என் இடது பக்கத்துக்கு என் வாயில் பெயரே மாறிப்போயிருந்தது.

"இப்ப மங்கலா இருக்கற கண்ணத் தொடுங்க."

தொட்டேன்.

"அது எந்தக் கண்ணு?"

"வ..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. நல்ல கண்ணுக்கு அனுமதி வந்திருந்தால்? ஊசி நாளன்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தாலும், மறுபடி அனுமதி வரும்வரை என் பார்வை காத்திருக்குமா?

"நானா மாத்தக் கூடாது, டாக்டர்தான் திருத்தணும். வாங்க" என்று கையோடு அழைத்துப்போனாள். டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் திருத்தி எழுதினார். "நல்லவேளை கேட்டீங்க" என்று அவளிடம் சொன்னார். அனுமதி வந்தது.

ஊசி போடும் அன்று நர்ஸ் என் இடது புருவத்துக்கு மேல் பேனாவால் குறி வைத்தாள். "எந்தக் கண்ணு?" என்றார் டாக்டர். நான் வாயைத் திறக்கவே இல்லை, தொட்டுக் காட்டினேன். மரத்துப்போக மருந்து விட்டார்கள். லேசாக அழுத்தியது, அவ்வளவுதான். என் கையைப் பிடித்திருந்த நாத்தனார்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

மாதங்கள் போயின, ஊசிகளும் போயின, வீக்கம் வற்றியது. அதே சாப்பாட்டு மேஜையில், நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"என்ன அண்ணி, அப்படிப் பாக்கறீங்க?"

"உன் மூக்கு தெரியுதுடி. முழுசா."

"கிண்டலா?" என்று மூக்கை மூடிக்கொண்டாள்.

"மூடாதடி. அது மட்டும் நுழையாம இருந்திருந்தா..."

அவளுக்கு நான் பட்ட கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பது? கண் நிறைந்து, தெரிந்த மூக்கு மறுபடி கலங்கிப்போனது. அவள் பதறி எழுந்தாள்.

"ஐயோ, மறுபடி மங்கலா? எந்தப் பக்கம், அண்ணி?"

"ரெண்டு பக்கமும்" என்றேன்.