பூ தாங்கும் தலை

"யாரு உன்ன வைக்கச் சொன்னது? தூங்குறவ தலையில வந்து—"

"நான் பெத்த தலையில எண்ணெ வைக்க நான் யாரக் கேக்கணும்—"

"நேத்து நைட் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அலசி, காய வச்சி, ஒரு சொட்டு எண்ணெகூடப் படக் கூடாதுன்னு கிறிஸ்டினா அத்தினி தடவ—"

"நல்ல காரியத்துல எண்ணெ காணாத தலையோட குந்துவாங்களா? எழவு ஊட்டுலதான் அப்பிடிக் குந்துவாங்க—"

"ம்மா, தொட்டுப் பாரு. மண்டையோட ஒட்டிக்கினு கெடக்குது."

திலகவதி தொட்டுப் பார்க்கவில்லை. தொடத் தேவையும் இல்லை. அந்த எண்ணெயைக் காலையில் இளஞ்சூடாகக் காய்ச்சி, வேலை முடிந்து வந்து அசந்து தூங்கிய மகளின் தலையில் விரல் நோகாமல் தடவியது அவள்தான். பிறந்த நாளிலிருந்து இந்தத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பழகிய கை. பூமிகா தூக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள் என்பதையும் திலகவதி சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பூ வைக்கிற சடங்கு. பள்ளிப்பட்டிலிருந்து மாப்பிள்ளை மோகன்ராஜ் வீட்டுப் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பூ அவர்கள் கொண்டுவருவது. பெண்ணின் தலையில் வைப்பதும் அவர்கள் கைதான். மாமியார் முதலில், பிறகு நாத்தனார், பிறகு பெரியம்மா, சித்தி என்று ஆளுக்கொரு சரம். அது முடிந்தால் கல்யாணம் உறுதி. அதற்கு முன்னால் பெண்ணின் தலையில் அத்தனை விரல்கள் நுழைந்து வெளியே வந்திருக்கும்.

பூமிகாவுக்கு முடி இருந்த காலம் ஒன்று உண்டு. போன மழைக்கு வந்த டெங்குவில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மிச்சம் இருந்ததைக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முழுக்கப் போட்டிருக்கும் தொப்பி அமுக்கி வைத்திருந்தது. இப்போது எண்ணெயும் சேர்ந்ததும் நடு வகிடு தார் ரோட்டின் வெள்ளைக் கோடுபோலத் தெரிந்தது. பின்னல் சுண்டுவிரல் தடிமன்.

திலகவதி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை இழுத்தாள். திருவள்ளூர் கடைத்தெருவில் வாங்கிய சவுரி. பேசாமல் இதை வைத்துப் பின்னிவிடலாம், எண்ணெய் வைத்த தலையில்தான் சவுரி வழுக்காமல் நிற்கும், ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள் என்று ஆரம்பித்தாள்.

அத்தை மகளின் கதையைப் பூமிகா நினைவூட்டினாள். அவளுக்குப் பூ வைத்த நாளில், சரத்தைச் சரிசெய்யப்போன நாத்தனார் கையோடு சவுரி கழன்று வந்துவிட்டது. குழந்தை பிறந்த பிறகும் புருஷன் வீட்டில் அவளுக்குச் சவுரிக்காரி என்றுதான் பெயர்.

"அவளுக்குக் கட்டத் தெரில. நான் கட்டுனா கழலாது."

"கழலாட்டியும் வேணாம்மா. அவங்க மொத மொத என் தலையத் தொடப் போறாங்க. தொடறது என்னுதா இருக்கணும்."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த பூமிகாவின் அப்பா முனுசாமி, சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கமும் சேராமல் அடுத்த நாற்காலியைத் தூக்கப் போய்விட்டார்.

கிறிஸ்டினா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது தாயும் மகளும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். பூமிகாவோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவள். கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் மணவாள நகரில் ஒரு பியூட்டி பார்லரில் இருந்தாள். தோழியின் தலையைப் பார்த்தாள், திலகவதியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"வடை சுட எண்ணெ மிச்சம் இருக்கா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

பூமிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திலகவதி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இவ்வளவு எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் காரியம் கெட்டது என்றாள் கிறிஸ்டினா. காய்ந்த தலையிலேயே கடலை மாவைத் தூவிக் கசக்கி, எண்ணெயை மாவு குடித்த பிறகு உதறினாள். பிறகும் தண்ணீர் இல்லை, ஷாம்பு. நுரைக்காமல் பிசுபிசுத்ததை விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில்தான் சொம்பைக் கையில் எடுத்தாள். போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீரைக் கேட்டாள். வருகிறவர்களுக்காக வாங்கி வைத்த தண்ணீர் அது. திலகவதி முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்து கொடுத்தாள்.

பூமிகாவைக் குனியவைத்து, முடி முழுக்க முன்பக்கம் தொங்க, டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் காற்றைக் கீழிருந்து மேலாக விட்டாள். நிமிர்ந்து காய்ந்தால் முடி தலையோடு படுத்துவிடும், தலைகீழாகக் காய்ந்தால் வேரிலேயே எழுந்து நிற்கும் என்று காரணமும் சொன்னாள். கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை போனபோது, பக்கத்தில் ஒரு விசிறி அசையத் தொடங்கியது. பூமிகாவுக்குத் தரையும் அம்மாவின் பாதங்களும் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கால்விரல் மெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பிராணி போட்டா சீக்கிரம் காயும்" என்றாள் திலகவதி, யாரையும் பார்க்காமல்.

"போடுங்க ஆன்ட்டி. அது நல்லா உப்பும்."

தன் யோசனை ஒன்று ஏற்கப்பட்டதில் திலகவதியின் குரல் கொஞ்சம் இறங்கியது. புகையைக் கூடையால் மூடி, மகளின் முடியை அதன்மேல் பரத்தினாள். வீடு முழுக்க மணத்தது. கிறிஸ்டினா உள்ளங்கையில் முடியை அள்ளி உயர்த்தி விட்டுப் பார்த்தாள். காலையில் கோணி நூலாகக் கிடந்தது இப்போது மெல்லப் பறந்து விழுந்தது.

வகிட்டை நேராக எடுக்கவில்லை. சீப்பின் வால் நுனியால் வளைத்து வளைத்து, பாம்பு போன வழிபோல எடுத்தாள்; எந்த இடத்திலும் மண்டை கோடாகத் தெரியவில்லை. முன்னால் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் கறுப்பு ஐ-ஷேடோவைப் பஞ்சால் ஒற்றினாள். உச்சிமுடியைக் கற்றை கற்றையாகத் தூக்கி, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீவி உள்ளே திணித்து, மேலே ஒரு கற்றையை மட்டும் வழுவழுப்பாகப் படியவிட்டாள்.

திலகவதிக்குப் பொறுக்கவில்லை. சவுரி வைத்தால் பொய் என்றால், இது மட்டும் என்ன, உள்ளே சிக்குப் போட்டு வெளியே மினுக்குவது பொய் இல்லையா என்று கேட்டாள்.

கிறிஸ்டினா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பூமிகாவே சொன்னாள். "புடவைக்கு மடிப்பு வச்சிக் கட்டுறோம். அது பொய்யாம்மா? இது என் முடி. ராத்திரி கழட்டி ஆணியில மாட்ட முடியாது."

திலகவதி அதை யோசித்தபடியே சாம்பிராணிக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பின்னல் நடந்துகொண்டிருந்தது. தளர்வாகப் பின்னி, கீழே ரப்பர் பேண்ட் போட்டு, பிறகு ஒவ்வொரு முடிச்சின் ஓரத்தையும் இரண்டு விரலால் கிள்ளி வெளியே இழுத்துவிட்டாள் கிறிஸ்டினா. சுண்டுவிரல் தடிமன் இருந்த பின்னல் கண்ணெதிரே தட்டையாக விரிந்து மூன்று விரல் அகலமானது. நுனி வரைக்கும் வேறு முடி ஒன்றுகூட இல்லை. திலகவதி ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சவுரிக் கவரைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, திருஷ்டிப் பொட்டு எங்கே வைப்பது என்று கேட்டாள்.

பூ நிற்க வேண்டுமே. உச்சிக்குக் கீழே உள்முடியில் எலிவால் கனத்துக்கு ஒரு சின்னப் பின்னல் போட்டுச் சுருட்டி, கொண்டை ஊசிகளைப் பெருக்கல் குறிபோலக் குத்தினாள் கிறிஸ்டினா. சரத்தை அந்த இடத்தில்தான் மாட்ட வேண்டும், மூன்று நாலு சரம் தாங்கும், அதற்கு மேல் வைத்தால் மேலே எழுப்பியதெல்லாம் உட்கார்ந்துவிடும் என்று பூமிகாவின் காதில் சொன்னாள். வருகிறவர்களிடம் அதை யார் சொல்வது என்பதை இருவரும் பேசவில்லை.

வேன் வந்தது. மாமியார் முத்தம்மாள் கட்டுமஸ்தான உடம்பு, மெல்லிய குரல். அவள் மகள் அருணா இடுப்பில் குழந்தையோடு. அவர்களுக்கு முன்னால் மோகன்ராஜின் பெரியம்மா, வாழை இலையில் சுற்றிய பூப்பொட்டலத்தைத் தானே சுமந்துகொண்டு. தட்டுகள் பரப்பப்பட்டன. பூமிகா மணையில் உட்கார்ந்தாள். கிறிஸ்டினா சுவரோரம் நின்றாள்.

முத்தம்மாள் கனகாம்பரச் சரத்தை எடுத்து வைத்தாள். விரல்கள் இதமாக இருந்தன. மாட்ட வேண்டிய இடத்தைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டன. அருணா மல்லி வைத்தாள். சித்தி முறைக்காரி ஒருத்தி இன்னொரு சரம் வைத்தாள். ஊசிகள் பிடித்தன. அடுப்படி வாசலில் பால் தம்ளரோடு நின்ற திலகவதி மூச்சு விட்டாள்.

பிறகு பெரியம்மா வாழை இலையைப் பிரித்தாள். ரோஜாவும் மருவும் மல்லியும் சேர்த்துக் கட்டிய கதம்பம், கை மணிக்கட்டு கனம், தண்ணீர் தெளித்துத் தெளித்து வந்ததில் ஈரம் சொட்டியது. அதை இரண்டு மடிப்பாக மடித்து உச்சியில் வைத்து அழுத்தினாள். பூமிகாவுக்கு ஒரு ஊசி நழுவுவது தெரிந்தது. மத்தியானம் முழுக்க எழுப்பியது மெல்லப் பின்பக்கம் சாயத் தொடங்கியது.

"பெரியம்மா, இதுக்கு மேல தாங்காது" என்றாள், தலையை அசைக்காமல். "எனக்கு முடி கம்மி."

பெரியம்மாவின் கை நின்றது. எத்தனையோ பெண்களுக்குப் பூ வைத்திருப்பதாகவும், வைத்த பூவைப் போதும் என்று சொன்ன பெண்ணை இன்றுதான் பார்ப்பதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு முத்தம்மாளைப் பார்த்தாள்.

திலகவதியின் வாய்க்கு ஒரு வார்த்தை வந்தது. காய்ச்சலில் கொட்டியது, கல்யாணத்துக்குள் இடுப்புவரை வளர்ந்துவிடும் என்று. அதைச் சொல்லத்தான் ஒரு அடி முன்னால் வந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை.

"அவ சொல்றது நெசந்தான் சம்மந்தி" என்றாள் திலகவதி. "முடி கம்மிதான். பின்னிக் காட்டுனது அவ்ளோவும் அவ முடி, வேற எதுவும் வைக்கல. மீதிப் பூவ மடியில வைங்க, வாங்கிக்குவா."

முத்தம்மாள் பின்னலை உச்சியிலிருந்து கையில் ஏந்தி, கீழே ரப்பர் பேண்ட் வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். கிள்ளிவிட்ட ஓரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். சொந்த முடியேதான் என்று அவள் சொன்னது தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு அக்காளின் கையிலிருந்த கதம்பத்தை வாங்கி, ஈரம் படாமல் ஒரு துண்டை விரித்து, பூமிகாவின் மடியில் வைத்துக் குங்குமம் இட்டாள். நழுவிய ஊசியைக் கண்டுபிடித்து அவளே மேலே தள்ளிக் குத்தினாள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். கேசரி வந்ததும் இறங்கினாள். இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டாள், நெய் தாராளமாக இருக்கிறது என்று அடுப்படி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அருணா குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கிறிஸ்டினாவைச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற பிறகு தனக்கும் கைகையாகக் கொட்டுவதைச் சொன்னாள். கிறிஸ்டினா அவளைத் திருப்பி உட்காரவைத்து, பின்னல் ஓரத்தை எப்படிக் கிள்ளுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஆண்கள் வெளியே நாற்காலியில் மண்டப வாடகையைப் பற்றிப் பேசினார்கள். முனுசாமியின் சிரிப்பு உள்ளே கேட்டது. திலகவதி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போகும்போது மகளின் முதுகுப் பக்கம் ஒரு கணம் நின்று, தோளில் விழுந்திருந்த ஒரு மல்லியை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டாள்.

வேன் புறப்படும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தம்மாள் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, கையாட்டிப் பூமிகாவைக் கிட்டே வரச் சொன்னாள். பெரியம்மா உட்பட உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"கல்யாணத்துக்குப் பூ நாங்கதான் சொல்லணும். எத்தினி மொழம் சொல்லட்டும்? உன் தலம்மா, நீயே சொல்லு."