ஆல்சீட்டின் கைக்குட்டை

இப்போதெல்லாம் சாவுக்கு வருகிறவன் எவனும் செத்தவனுக்காக வருவதில்லை. திரும்பும்போது போடுகிற ஆட்டத்துக்குத்தான் வருகிறான். பெட்டி இன்னும் கல்லறைக்குள் போகவில்லை, அதற்குள் குடையை விரித்து இடுப்பை ஆட்டிப் பார்க்கிறான். இதையே முணுமுணுத்துக்கொண்டு அண்ணனின் பெட்டியைத் தூக்கி வந்தார் ஓசெம்.

நியூ ஆர்லியன்ஸில் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து ஊதுவதை விட்டு, மனசுக்குத் தோன்றியதை ட்ரம்பெட்டில் ஊதிய முதல் ஆள் அந்த அண்ணன் ஆல்சீட். இன்று ஜாஸ் ஊதுகிற எல்லோரும் அவரிடம் கற்றவர்கள் என்று ஊர் சொல்லும். திருடியவர்கள் என்பார் ஓசெம். திருட்டுக்குப் பயந்துதான் ஆல்சீட், ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகளை அமுக்கும் விரல்கள் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு ஊதினார். இசைத்தட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். ஒரே வீட்டில் இருந்த தம்பிக்குக்கூடத் துணியை விலக்கிக் காட்டியதில்லை.

அந்தக் கைக்குட்டையைப் பெட்டியில் வைக்கச் சொல்லி அண்ணி கிளெமோன்ஸ் காலையில் கொடுத்திருந்தாள். ஓசெமுக்கு வைக்க மனம் வரவில்லை. கோட்டுப் பையில் கிடந்தது.

கல்லறையை மூடினார்கள். மத்தளத்தின் சத்தத்தை அமுக்கியிருந்த துணியை உருவினார்கள். இனி துள்ளல் பாட்டு. அண்ணனோடு முப்பது வருஷம் போட்டி போட்ட தியோஃபில் ட்ரம்பெட்டை உயர்த்தினார்.

"என்னத்த ஊதப் போற?" என்றார் ஓசெம்.

"அவரோட பாட்டத்தான்."

"அது ஒரு பயலுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். படுக்கையில கெடந்தப்ப பாக்கப் போனேன். துணிய எடுத்துட்டு, நல்லா பாத்துக்கடா கிழவான்னாரு."

"என் வீட்டுல நடந்தது எனக்குத் தெரியாதா?"

"நீ மீன் புடிக்கப் போயிருந்த."

"செத்தவன் வந்து இல்லேன்னு சொல்லப் போறானா? நீ என்ன வேணா சொல்லுவ. நான் கேட்டா சிரிப்பாரு. உனக்குக் காட்டுனாராக்கும்?"

ஓசெம் கிளெமோன்ஸ் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க."

கிளெமோன்ஸ் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

தியோஃபில் ஊதினார். எங்கே தப்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் ஓசெம். பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. உச்சிக்குப் போய், விழப் போகிறவன் மாதிரி ஒரு கணம் நின்று, அப்புறம் இறங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து எத்தனையோ ராத்திரி அவர் கேட்ட இடம். இவனுக்கு அது வராது.

தியோஃபில் நின்றார். இறங்கினார்.

கூட்டம் கத்தியது. குடைகள் எழுந்தன.

"ஜன்னல்ல ஒளிஞ்சிருந்து பாத்திருப்பான், திருட்டுப்பய" என்றார் ஓசெம், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

எல்லோரும் பாட்டின் பின்னால் ஆடிக்கொண்டு போனார்கள். அவர் எதிர்ப்பக்கம் டிராம் நிற்கிற தெருவுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கை பைக்குள் இருந்தது. அங்கே, கைக்குட்டைக்கு அடியில், மூன்று விரல்கள் அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தன.