போலி பேட்டரி

எழுமலையிலிருந்து புல்லட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு பழங்காநத்தம் வந்தார் சிவனாண்டி. ரிப்பேருக்கு இல்லை. மெக்கானிக் துளசிராம் தன் தலையில் கட்டியது போலி பேட்டரிதான் என்று நாலு பேர் முன்னால் அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அதை மாட்டிய பத்தாம் நாள்தான் சோளக்காட்டில் அவர் பெண்டாட்டி அன்னக்கொடியைப் பாம்பு கடித்தது. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை உதைத்தார், உதைத்தார், கெண்டைக்கால் வீங்க உதைத்தார். அது இருமக்கூட இல்லை. மாட்டுவண்டி பாதி வழி போகையிலேயே அவள் அடங்கிவிட்டாள்.

"உள்ள என்னத்தடா ஊத்துன? கழனித்தண்ணியா?"

துளசிராம் பேட்டரியைச் சார்ஜில் போட்டு, மதியத்துக்கு மேல் மாட்டி ஸ்டார்ட் செய்தான். சார்ஜ் மீட்டர் முள் பிளஸ் பக்கம் சாய்ந்தது.

"டைனமோ நல்லாருக்குண்ணே. சார்ஜும் ஏறுது."

"ஏறும், ஏறும். ஒன் முன்னால நல்லா நடிக்கும்."

துளசிராம் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, பிரேக்கை ஒரு மிதி மிதித்து விட்டான். முள் மைனஸ் பக்கம் இறங்கி அங்கேயே நின்றது.

"பாருங்க, நிக்கிற வண்டியில எதுவோ குடிக்குது." பின்னால் போனான். பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தது. "பழைய புல்லட்டு, வண்டிய அணைச்சாலும் இந்த லைட்டுக்குக் கரண்டு போகும். இது கண்ணுல படலையாண்ணே?"

"பின்பக்கம் சுவத்த ஒட்டி நிக்கிற வண்டிய எவன் எட்டிப் பாப்பான்?"

துளசிராம் தரையில் படுத்துப் பெடலுக்கு அடியில் பார்த்தான்.

"கயிறுண்ணே. பிரேக் லைட்டு சுவிட்ச் ஸ்பிரிங்குல கட்டியிருக்கு. மிதிச்சா ஒரொரு நேரம் பெடல்ல மாட்டி இழுத்துப் புடிச்சுக்கிருது. யாரு கட்டுனது?"

சிவனாண்டி குனிந்தார். கறுப்புக் கயிறு. நடுவில் ஒரு துண்டு வசம்பு.

புதுப் பேட்டரியோடு வந்த அன்று அன்னக்கொடி இதை ஹேண்டில்பாரில்தான் கட்டினாள். "கண்ணு பட்ருங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது." அவர் பிய்த்து எறிந்தார். "வண்டி கரண்டுல ஓடுது, ஒன் கயித்துல இல்ல." அவள் அதைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள்.

துளசிராம் பிளேடை எடுத்தான். சிவனாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"துளசி... நீதான ஏமாத்துன? போலி பேட்டரின்னு சொல்லுய்யா."

"அண்ணே?"

"ஒன் காலப் புடிக்கிறேன். சொல்லு."

கடையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துளசிராம் பிளேடைக் கீழே வைத்தான்.

"ஆமாண்ணே. போலிதான்."

பிறந்ததிலிருந்து எவன் சொல்லையும் நம்பாத மனுஷன் சிவனாண்டி. இதை நம்பிவிட எம்புட்டோ முயன்றார். முடியவில்லை.