இடது பக்கத்துச் சத்தம்

தெருவில் அவருக்கு ஸ்பேனர் என்று பேர். அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், தெரு அதைக் கிண்டலாக வைத்திருந்தது. மிக்ஸியைக் கழற்றி மாட்டினால் இரண்டு திருகு மிஞ்சும். மிஞ்சினால் என்ன, கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருப்பான் என்பார். தன் கை பட்டால்தான் எதுவும் உருப்படும் என்று நம்புகிற ரகம். பிற்பாடு இந்தக் கதையை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததால்தான் நமக்கும் தெரியும்.

வாசலில் நிற்கிற கனத்த பிக்கப் வண்டிதான் மனுஷனுக்கு உயிர். கொஞ்ச நாளாக அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். மெதுவாகப் போனால் முனகும், வேகம் பிடித்தால் உறுமும். சக்கர பேரிங் தேய்ந்துவிட்டது என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். பாவம், அதுவரைக்கும் சரிதான்.

மறுநாள் மகள் புது வீட்டுக்குக் குடிபோகிறாள். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான இறக்கத்தில் இறங்கவேண்டும். மருமகன் வாடகை லாரிக்குச் சொல்லி வைத்திருந்தார். என் பொண்ணு சாமானை எவனோ ஏத்திட்டுப் போறதா என்று இவர் மார்தட்டிவிட்டார். மகள் விடவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தச் சத்தம் நின்றால் அப்பா வண்டி, இல்லையென்றால் லாரி என்று கறாராகச் சொல்லிவிட்டாள். லாரி வந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது சின்னக் கவலை. அப்பாவை இனிமேல் எதற்கும் நம்பவேண்டாம் என்று அவள் முடிவு கட்டிவிடுவாளோ என்பதுதான் பெரிய கவலை.

சத்தம் வலது சக்கரத்திலிருந்து வருகிறது என்று மனைவி சொன்னாள். இடது என்றார் இவர். இத்தனை வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நானா நீயா என்று ஒரு அதட்டலும் போட்டார். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஆட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, அப்புறம்தான் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ணணும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர்தான். தனக்கென்று வரும்போது, காது இருக்கும்போது கை எதற்கு என்று விட்டுவிட்டார். கடைக்காரர் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொன்னார். கூட விற்கப் பார்க்கிறான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்கிவந்தார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பை உருவி எடுத்தார். பழைய பேரிங் பளபளவென்று இருந்தது. டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"புதுசைத் தூக்கிப் போட்டுட்டுப் பழசை மாட்டிடாதீங்க," என்றாள்.

தேய்மானம் வெளியே தெரியாது, உள்ளே இருக்கும் என்று அவளுக்கு விளக்கினார். விளக்கும்போதே தனக்கும் லேசாக உறுத்தியது. ஆனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஹப்புக்குள் இறுகியிருந்த பழைய பேரிங்கின் வளையத்தைத் தட்டி எடுப்பதற்குள் சுத்தியல் இரண்டு முறை கட்டைவிரலில் இறங்கியது. புதியதை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கு நடுவே பிதுங்கும்வரை கிரீஸ் அடைத்து, மாட்டி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கினார். திருகு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தெருமுனை தாண்டி வேகம் பிடித்தார். அதே உறுமல். புதுசு இல்லையா, பழகணும் என்றார். இன்னொரு சுற்று போய்வந்தார். பழகவில்லை. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைக் கரித்துக்கொட்டியபடி மறுபடி இடது சக்கரத்துக்கே ஜாக்கியை நகர்த்தினார். மனைவி அந்த ஜாக்கியை இழுத்துக்கொண்டுபோய் வலது பக்கம் போட்டாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்மேல் கையை வைக்கச் சொல்லிவிட்டு அவள் சக்கரத்தைச் சுற்றினாள். மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு கை வழியாகத் தோள்வரை ஏறியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல பேரிங்கைச் சுத்தியலால் அடித்துக் கொன்றிருக்கிறார், சும்மா இல்லை, கட்டைவிரலையும் பலி கொடுத்து.

"இந்தப் பக்கத்துலேருந்து வர்ற மாதிரியே எனக்குத் தோணலையே," என்றார்.

அவள் சுற்றிவந்து அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். "உங்களுக்கு எல்லாச் சத்தமும் இடது பக்கத்துலேருந்துதான் வரும். வலது காது கேட்கலை."

"எப்பலேருந்து?"

"பொண்ணு காலேஜ் போன காலத்துலேருந்து. கட்டில்ல நான் எதுக்கு இடம் மாறிப் படுத்தேன்னு நினைச்சீங்க?"

ஃபேன் காற்றுக்கு என்று நினைத்திருந்தார். காற்றுக்கு அலைகிறாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேலிகூடப் பேசியிருக்கிறார். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேச்சு சரியாக விழவில்லை என்று மூன்று போனை மாற்றியது. சாப்பிடும்போது மகள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு இடது பக்கம் வந்தது. அம்மாவும் மகளும் வாயைத் திறக்காமல் வீட்டையே அவருடைய ஒரு காதுக்குத் தக்கபடி திருப்பி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தைத் தான்தான் ஓட்டுகிறோம் என்று இவர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பாயிற்று.

மறுபடி கடைக்குப் போனார். கடைக்காரர் இன்னொரு செட்டை எடுத்துத் தனியாகவே வைத்திருந்தார்.

வலது பக்கமும் மாட்டி முடித்து, பொழுது சாயும்போது மறுபடி வண்டியைக் கிளப்பினார். இடது பக்கம் மனைவி. தெருமுனை தாண்டி வேகம் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இனி அந்தக் காதை நம்பி வாய் திறக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

"சத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வண்டியைப் பற்றி அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவள் தலையைச் சாய்த்து, கொஞ்ச தூரம் கூர்ந்து கேட்டாள். நின்றுவிட்டது என்றாள். அடுத்த வாரம் காதையும் காட்டிவிட்டு வரலாம் என்றாள். சரி என்றார்.

ஓரமாக நிறுத்தி, போனை இடது காதில் வைத்து மகளைக் கூப்பிட்டார். உண்மையிலேயே சத்தம் நின்றுவிட்டதா, இல்லை, சும்மா சமாளிக்கிறீர்களா என்று அவள் எடுத்தவுடனே குடைந்தாள்.

"நான் சொல்லலைம்மா," என்றார். "உங்கம்மா கேட்டுச் சொன்னா."

மகள் அடுத்த நிமிஷமே லாரிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.