சூடான கைகள்

இன்சுபோங் பாறையின் பாதியில் தோக்யோமுக்கு விரல் வழுக்கியது. சியோல் நகரமே கொண்டாடும் வீடியோ கேம் ஆட்டக்காரன். பாறை ஏறும் பைத்தியம் அவனுக்கு உண்டென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியாகக் கயிற்றை மாட்டிய இடம் காலுக்கு வெகு கீழே கிடந்தது. விழுந்தால் அதையும் தாண்டிக் கீழே போய்த்தான் கயிறு பிடிக்கும்.

"அக்கா, புடி நிக்கல. கையெல்லாம் வேர்க்குது."

கீழே கயிற்றைப் பிடித்திருந்த மியங்ஜூ கேட்டாள்: "ஏறுறதுக்கு முன்னாடி என்ன பண்ணித் தொலைச்ச?"

"விரல் விறைக்கக் கூடாதுன்னு, குலுக்கினா சூடாகுமே, அந்தச் சூட்டுப் பொட்டலத்தக் கையில வச்சிருந்தேன். மேட்சுக்கு முன்னாடி எப்பவும் அப்படித்தானே."

"பாறைக்கு யாருடா கைய வேகவச்சுட்டு வருவா? சரி, இடுப்புப் பையில வேர்வைய உறிஞ்சுற சாக்பொடி இருக்கும். தடவிக்க."

ஒரு கையைப் பைக்குள் விட்டான். பொடி இல்லை. காலையில் பழக்கதோஷத்தில் திணித்த பொட்டலங்கள் மூன்றும் கதகதவென்று விரலில் பட்டன.